பொது வேலைநிறுத்தமும் வானொலியின் நடுவுநிலையும்

வானொலிச் செய்தி பட்சபாதமற்றதாய் இருத்தல் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆனால் அக்கொள்கை முதன்முதலாக எப்பொழுது கடுஞ் சோதனைக்குள்ளாயிற்று, அச்சோதனையில் நிகழ்ந்தது யாது என்பன பலரும் அறியாதவை. அவற்றை அறிய 1926ஆம் ஆண்டு மே மாதத்து இங்கிலாந்தை நோக்குதல் வேண்டும்.

பி.பி.சி. அக்காலத்தில் ஒரு கூட்டுத்தாபனமன்று. வானொலிக் கருவி உற்பத்தியாளர் 1922இல் கூடி அமைத்த கம்பனியே. அதை நடத்தியவர் ஜோன் றீத் என்னும் ஸ்கொத்லாந்தியர். பத்திரிகை முதலாளிகள் போட்டிக்கு அஞ்சியமையால், மாலை ஏழு மணிக்கு முன்னர் செய்தி வாசிக்கும் உரிமை அக்கம்பனிக்கு வழங்கப்படவில்லை.

நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்ட முற்பட்டனர். இணங்காத தொழிலாளருக்குச் சுரங்க வாயில்கள் அடைக்கப்பட்டன. அவர்களுக்கு ஆதரவாகத் தொழிற்சங்கக் கொங்கிரஸ் அழைப்பு விடுக்க, மே 3ஆம் திகதி நள்ளிரவில் பொது வேலைநிறுத்தம் தொடங்கிற்று. 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டனர். அச்சுத் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். ஆதலின் பெரும்பாலான பத்திரிகைகள் நின்றுபோயின. அரசாங்கம் சேர்ச்சிலின் பொறுப்பில் 'பிரிட்டிஷ் கசெற்' என்பதையும், தொழிற்சங்கத்தார் 'பிரிட்டிஷ் வேர்க்கர்' என்பதையும் வெளியிட்டனர். இரண்டும் கட்சி பேசுபவை. எஞ்சியிருந்தது வானொலி. பழைய தடை நீங்கி, நாளொன்றுக்கு ஐந்து செய்தியறிக்கைகள் வாசிக்கப்படலாயின.

வானொலியை அரசாங்கம் தன் வசமாக்கிக்கொள்ளல் வேண்டும் என்பது சேர்ச்சிலின் பிடிவாதம். பிரதம மந்திரி போல்ட்வின் அதற்கு இசையவில்லை. இதனை றீத்தின் வெற்றியெனப் புகழ்வோர் உளர். செய்தியறிக்கைகளைப் பொறுத்தவரை அப்புகழ்ச்சி ஓரளவு பொருந்தும். தொழிற்சங்கத்தார் விடுத்த அறிக்கைகளும் அவற்றில் இடம்பெற்றன. அறிந்தே பொய் சொல்லப்பட்டதெனக் குற்றஞ்சாட்டுவது கடினம்.

ஆனால் ஒலிவாங்கியின் முன்னே அமரும் உரிமை யாருக்குக் கிடைத்தது? மே 8ஆம் திகதி போல்ட்வின் றீத்தின் இல்லத்திலிருந்தே நாட்டுக்கு உரையாற்றினார். அவ்வுரையிற் சேர்த்துக்கொள்ளுமாறு றீத் தாமே சில சொற்களை எடுத்துக் கொடுத்தார். எதிர்க்கட்சித் தலைவர் றாம்சே மக்டொனால்ட் பேச விரும்பிய பொழுது, றீத் அரசாங்கத்தின் கருத்தை வினாவினார், அனுமதி கிடைக்கவில்லை. இரு திறத்தாரும் விட்டுக்கொடுத்து மீண்டும் பேச்சுவார்த்தை நடத்துமாறு கன்ரபரிப் பேராயர் விடுக்க முனைந்த வேண்டுகோளும் மே 7ஆம் திகதி தடுக்கப்பட்டு, 11ஆம் திகதியே ஒலிபரப்பாயிற்று. அடுத்த நாள் வேலைநிறுத்தம் முடிந்தது.

பாடசாலைகளில் நாம் காண்பதொன்றுண்டு. சண்டையிட்ட இரு மாணவருள் ஒருவனை நேரில் நின்று பேசவிட்டு, மற்றவன் கூறியதைப் பிறர் வாயிலாகக் கேட்டுத் தீர்ப்பளித்தால், அத்தீர்ப்பு சரியானதாகவே இருப்பினும் பிள்ளைகள் அதனை நீதியென்று கொள்ளார். இங்கிலாந்துத் தொழிலாளரும் அவ்வாறே வானொலியை நெடுநாள் ஐயுற்றனர்.

றீத் இதனை உணராதவரல்லர். தாம் உண்மையில் நடுவுநிலை வகிக்கமாட்டார் என்று அரசாங்கம் நம்பியதனாலேயே வானொலியைக் கைப்பற்றாது விட்டது எனத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இணங்க மறுத்திருந்தால் ஒலிபரப்பு முழுவதும் சேர்ச்சிலின் கைக்குச் சென்றிருக்கும் என்பது அவர் பக்க நியாயம். அந்நியாயத்தை நான் எளிதில் தள்ளிவிடேன். எனினும் அதற்குரிய விலையை மக்டொனால்டும் சுரங்கத் தொழிலாளருமே கொடுத்தனர். 1927 ஜனவரி முதலாந் திகதி பி.பி.சி. அரச சாசனம் பெற்ற கூட்டுத்தாபனமாயிற்று.

இதற்கு முப்பது ஆண்டுகளின் பின், 1956இல், சுயஸ் நெருக்கடி வந்தது. நவம்பர் 3ஆம் திகதி பிரதம மந்திரி ஈடன் தம் நடவடிக்கையை ஆதரித்து ஒலிபரப்பிற் பேசினார். எதிர்க்கட்சித் தலைவர் கெய்ற்ஸ்கெல் மறுமொழி கூற இடங்கேட்டார். போர் வேளை, படைகள் கடலிற் சென்றுகொண்டிருந்தன, சொல்லுஞ் சொல் எகிப்திலும் கேட்கும். ஈடனுக்கு அது சிறிதும் விருப்பமில்லை. அரசாங்கத்தைக் கண்டித்த ஆங்கிலப் பத்திரிகைகளின் கருத்துக்களையும் பி.பி.சி. தன் வெளிநாட்டுச் சேவையில் வாசித்தமையால், அச்சேவைக்கான பணத்தைக் குறைப்பது பற்றியும் மந்திரிகள் ஆலோசித்திருந்தனர். ஆயினும் நவம்பர் 4ஆம் திகதி கெய்ற்ஸ்கெல் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, ஈடன் பதவி விலகல் வேண்டுமென்று நாடறியக் கூறினார். மறுநாட் காலை பிரித்தானியப் பரசூட் படையினர் போர்ட் செயிட்டில் இறங்கினர்.