பச்சையும் மண்ணிறமும்

சென்ற மாசியில் பேஸ்மென்றை ஒதுக்கியபோது சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள் இருந்து பழைய நின்ரென்டோ 64 வெளியே வந்தது. கூடவே மூன்று கசற்றுகள். ஒன்றின் மேல் பச்சை நிறச் சிப்பாய் துவக்குடன் நிற்கிறான்: 'ஆர்மி மென்: சார்ஜஸ் ஹீரோஸ்'. 2002இல், ஊரில் போர்நிறுத்தம் கையெழுத்தான அந்த வருடத்தில், ஸ்கார்பரோவில் பதினோராம் மாடியில் நாம் இரண்டு குடும்பங்களாக ஒரே வீட்டில் இருந்தோம். பிள்ளைகளுக்கென்று வீட்டுவாசல் விற்பனை ஒன்றில் ஐந்து டொலர் கொடுத்து இதை வாங்கினோம்.

நல்ல விளையாட்டு என்று சொல்ல வரவில்லை. 1999 இலையுதிர் காலத்தில் இது வெளிவந்தபோதே விமர்சகர்கள் பலர் இதைச் சுமார் என்றுதான் எழுதினார்கள். இருபத்திச் சொச்சம் வருடம் கழித்துப் பார்க்கையில் அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. சார்ஜ் என்ற பச்சைச் சிப்பாயின் முதுகுக்குப் பின்னால் நின்று நாம் பார்க்கிறோம். சுவரோரம் போனால் பார்வை சிக்கிக்கொள்கிறது. சற்றுத் தூரத்தில் எல்லாம் புகார் மூடிவிடுகிறது. குறியை இயந்திரமே பார்த்துக்கொள்வதால் பொத்தானை அமத்துவதுதான் எமது வேலை.

கதையும் பெரிதல்ல. மண்ணிறப் படையின் தளபதி பிளாஸ்ட்ரோ மனிதர்களின் உலகத்துக்குப் போகும் வாசல்களைக் கண்டுபிடிக்கிறான். பூதக்கண்ணாடி போன்ற சாமான்களைப் பேரழிவு ஆயுதங்களாக எடுத்து வருகிறான். சார்ஜ் தன் தோழர்களை மீட்க வேண்டும். ஆனால் அந்த வாசலைத் தாண்டிக் குசினிக்குள்ளும் குளியலறைக்குள்ளும் மணல்தொட்டிக்குள்ளும் போகும்போது மட்டும் விளையாட்டுக்கு உயிர் வந்துவிடும். மேசைக்கால் மரம்போல் உயர்ந்து நிற்கும். பிள்ளைகள் அதற்காகத்தான் விளையாடினார்கள். நாமும்தான், அவர்கள் நித்திரையான பிறகு.

இந்தச் சிப்பாய்களுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன் குடும்பக் கொம்பனி, உள்ளே வெறுமையாக ஈய உருக்களை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. உலோகம் குறைந்ததால் விலையும் குறைந்தது, நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளின் கைகளுக்கும் சிப்பாய்கள் வந்தார்கள். எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் இவற்றை வைத்துத் தரையில் போர் நடத்தும் விதிகளை எழுதினார். வில் பொருத்திய சிறு பீரங்கியால் மரக்குச்சிகளைச் சுட்டு எதிரியை விழுத்த வேண்டும். யுத்தவெறிக்கு மாற்றாகவே இதை அவர் முன்வைத்தார். அடுத்த வருடமே முதலாம் உலக யுத்தம் தொடங்கிவிட்டது.

பிளாஸ்ரிக் சிப்பாய் பிறந்தது அமெரிக்காவில், 1938இல், பேர்கன் என்ற விளையாட்டுச் சாமான் கொம்பனியில். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பிளாஸ்ரிக் மலிவானது. ஈயம் பிள்ளைகளுக்கு நஞ்சு என்ற பயமும் வந்தது. பை பையாகச் சிப்பாய்கள் விற்றார்கள். பிறகு வியட்நாம். அந்த யுத்தத்தின்மேல் வெறுப்பு வளர, பெற்றோர் இவற்றை வாங்கத் தயங்கினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்ரிக்கின் விலையும் ஏறியது. ஆனாலும் அழிந்துவிடவில்லை. 1995இல் 'ரோய் ஸ்ரோரி' படத்தில் பச்சைச் சிப்பாய்கள் காலடித் தட்டோடு தத்தித் தத்தி நடந்தபோது பழைய தலைமுறை சிரித்தது, புதிய தலைமுறை கடைக்குப் போனது.

இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது 3டிஓ என்ற கொம்பனி. 1982இல் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸை நிறுவிய ட்ரிப் ஹோக்கின்ஸ் 1991இல் தொடங்கியது. 1993இல் 700 டொலருக்கு வந்த அதன் விளையாட்டு இயந்திரத்தை வாங்க ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வருடங்களில் சோனி 299 டொலருக்குப் பிளேஸ்ரேசனைக் கொண்டுவந்தது. 3டிஓ இயந்திரத்தைக் கைவிட்டு விளையாட்டுகளை மட்டும் செய்யத் தொடங்கியது. 1998இல் முதல் 'ஆர்மி மென்' கணினிக்கு வந்து ஓரளவு விற்றது. அதோடு பிடித்தது கேடு. 2000ஆம் ஆண்டில் மட்டும் அரை டசினுக்கு மேல். 2002 முடிவதற்குள் மொத்தம் இருபதுக்கு மேல். டொலர் கடைச் சிப்பாய்களைப் போலவே ஒரே அச்சில் வார்த்துத் தள்ளினார்கள். 2003 வைகாசியில் கொம்பனி வங்குரோத்தானது.

அச்சு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. விளையாட்டில் கட்டங்கள் கடக்க முடியாமல் அலுத்தபோது, பிள்ளைகளுக்கு உண்மையான சிப்பாய்கள் ஒரு பை வாங்கிக் கொடுத்தோம். பாதி பச்சை, பாதி மண்ணிறம். வானொலிக்காரன், பசூக்காக்காரன், தவழ்ந்து போகிறவன், கண்ணிவெடி தேடுகிறவன் – இரண்டு நிறத்திலும் அதே ஆட்கள், அதே முகம், அதே தொப்பி. சாயத்தை மட்டும் மாற்றி ஊற்றியிருக்கிறார்கள். பெரியவர்கள் இருவரும் பச்சையை எடுத்துக்கொண்டார்கள், கடைக்குட்டிக்கு மண்ணிறம்.

"ஏன் மண்ணிறம் கெட்டவை?" என்று அவள் கேட்டாள்.

"கேமில அப்பிடித்தான்" என்றான் மூத்தவன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. தன் ஆட்களைத் தலையணையில் வரிசையாகப் படுக்க வைத்தாள். கண்ணிவெடி தேடுகிறவனை மட்டும் நிறுத்தி, பச்சை ஆட்கள் வருகிற பாதையைத் துப்பரவு செய்ய அனுப்பினாள். அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் உண்மையாகவே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. நாம் அதைப் பத்திரிகையில் படித்துவிட்டுக் குசினியில் பேசுவோம். அவள் காதில் விழுந்திருக்கலாம்.

சார்ஜின் படையிலும் ஹூவர் என்று ஒரு கண்ணிவெடி தேடுகிறவன் உண்டு. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பெயரைப் பகிடியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அவனை மண்ணிறத்தாருக்குப் பாதை துப்பரவாக்க அனுப்ப முடியாது. அப்படி ஒரு பொத்தான் இல்லை. தரையில் விளையாடுகிற பிள்ளை இரண்டு பக்கத்துக்காகவும் பேசும், செத்தவனை எழுப்பும், சண்டை அலுத்தால் சமைக்கப் போகும். 3டிஓ அந்த உருவத்தைக் காலடித் தட்டிலிருந்து வெட்டி எடுத்து ஓட வைத்தது, நெருப்பில் உருக வைத்தது. பிள்ளையின் கையை மட்டும் வெளியே விட்டுவிட்டது. எங்கள் பார்வையில் இந்த விளையாட்டின் பெரிய குறை புகாரோ சுவரோ அல்ல, இதுதான்.

மாசி கடைசியில் கடைக்குட்டி வந்திருந்தாள். இப்போது அவளுக்கு முப்பதுக்குக் கிட்ட. பழைய ரீவி ஒன்றைத் தேடிப்பிடித்து வயர்களைக் கொழுவிக் கொடுத்தோம். பத்து நிமிடம் விளையாடினாள். குசினிக் கட்டத்தில் அன்று நின்ற அதே இடத்தில் செத்தாள். "இது இவ்வளவு மோசமா இருந்ததா?" என்று சிரித்துவிட்டு, அந்தப் பைச் சிப்பாய்கள் எங்கே என்று கேட்டாள். மூன்று வீடு மாறியதில் எங்கோ போய்விட்டன. சப்பாத்துப் பெட்டியின் மூலையில் ஒன்று மட்டும் கிடந்தது, துவக்கு முனை உடைந்த மண்ணிறத்தான். அவள் அதைக் கொண்டுபோய்விட்டாள்.