சிம்மாசனம் ஏறிய சந்திரகிரி மண்டலேசுவரர்

திருப்பதி யாத்திரை செல்லும் நம் அங்கத்தினர்கள் பலர் அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டையையும் பார்த்திருப்பார்கள். அங்கே நினைவுக்கு வருவது கிருஷ்ணதேவராயர்தான். அவர் வம்சம் அரியணை ஏறக் காரணமானவர் இவ்வூரிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர்.

இவருடைய முன்னோரான சாளுவ மங்கு, குமார கம்பணரின் மதுரைப் படையெடுப்பில் பங்கு கொண்டவர். நரசிம்மரும் விஜயநகரத்துக்கு அடங்கிய மண்டலேசுவரரே. ஆனால் 1465-ல் பட்டமேறிய விரூபாட்சர் திறமையற்றவர். 1472-ல் கோவா பறிபோயிற்று. 1481-ல் பாமினி சுல்தான் காஞ்சிபுரம் வரை வந்து கோயில்களைக் கொள்ளையிட்டார். இக்காலத்தில் கஜபதிகளிடமிருந்து உதயகிரியை மீட்டவர் நரசிம்மர்.

1485-ல் விரூபாட்சரை அவர் மகனே கொன்றான். பட்டத்துக்கு வந்த இளைய மகன், தமையனையும் தீர்த்துக் கட்டினான். அப்போதுதான் நரசிம்மர் தம் தளபதி துளுவ நரச நாயக்கரைத் தலைநகருக்கு அனுப்பினார். அரண்மனையில் தடுக்க ஒருவருமில்லை, அரசன் ஓடிவிட்டான் என்கிறார் போர்த்துகீசியக் குதிரை வியாபாரி நூனிஸ்.

அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில், மேலதிகாரியை விரட்டிவிட்டு அவர் நாற்காலியில் உட்காருவதை நான் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் சும்மா இருந்திருந்தால் ராஜ்யமே மிஞ்சியிருக்காது என்றுதான் தோன்றுகிறது.

குதிரைப் படையின்றி பாமினியை எதிர்க்க முடியாது. ஓர்மூஸ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைகளை வரவழைத்தார். கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலும் முழு விலை கொடுத்தாராம்! இதையும் நூனிஸ்தான் எழுதியிருக்கிறார். இன்றைய தணிக்கைத் துறை விட்டிருக்குமா? ஆனால் நஷ்டபயம் நீங்கினால்தானே வியாபாரி துணிந்து கப்பலேற்றுவான்.

திருமலையில் நைவேத்தியங்களுக்குக் கிராமங்கள் அளித்தார். யாத்ரீகர்களுக்கு அன்னமிடும் ராமானுஜ கூடங்களைக் கந்தாடை ராமானுஜ ஐயங்கார் பொறுப்பில் விட்டார்.

ஆனால் 1489-ல் உதயகிரியில் கஜபதியிடம் சிறைப்பட்டு, அக்கோட்டையையே கொடுத்து மீண்டார். 1491-ல் மரணப் படுக்கையில் தம் இளம் புதல்வர்களை நரச நாயக்கரிடம் ஒப்படைத்தார். உதயகிரி, கொண்டவீடு, ராய்ச்சூர் மூன்றையும் மீட்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் பிழைக்கவில்லை. பெயரளவில் அரசராயிருந்த இம்மடி நரசிம்மர் 1505-ல் கொல்லப்பட்டார். நரச நாயக்கரின் மூத்த மகன் பட்டமேறினார். கோட்டைகளை மீட்டவர் இளைய மகன் கிருஷ்ணதேவராயர்: 1514-ல் உதயகிரி, 1515-ல் கொண்டவீடு, 1520-ல் ராய்ச்சூர்.