நியூற்றல் வயர் ஏன் கருகியது?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் குப்பி விளக்கில் படித்தவர்கள் நாங்கள். மின்சாரம் வந்தாலே போதும் என்றிருந்த எங்களுக்கு, அது எப்படிப்பட்ட மின்சாரம் என்று கேட்கத் தோன்றியதில்லை. மின்வேலை செய்யும் எனக்கே ஒரு கருகிய வயரைக் கண்ட பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

யுத்தத்துக்குப் பின் கட்டிய இரண்டு மாடி அலுவலகம். வயரிங் நான் செய்தது. மேல்மாடி முழுவதும் கணினிகள், எல்.ஈ.டி. விளக்குகள். மூன்று பேஸிலும் சுமையைச் சமமாகப் பிரித்திருந்தேன். அப்படிப் பிரித்தால் நியூற்றலில் ஓட்டம் அநேகமாக இருக்காது என்றுதான் படித்தோம். ஆனால் மேல்மாடிக்குப் போகும் கேபிளில் நியூற்றலின் உறை உருகியிருந்தது. கிளாம்ப் மீற்றரில் பார்த்தால் பேஸ் ஒவ்வொன்றிலும் 40 அம்பியர், நியூற்றலில் 52! பிரேக்கர் விழவில்லை. அது காவல் காத்தது பேஸ்களை மட்டும். நெருப்புப் பிடிக்காதது நல்ல காலம்.

எங்கள் மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். கணினி போன்றவை அலையின் உச்சியில் மட்டும் மடக்கு மடக்காக ஓட்டத்தை இழுக்கின்றன. அதனால் 150, 250, 350 ஹேர்ட்ஸ் ஓட்டங்களும் கலக்கின்றன. இவைதான் ஹார்மோனிக். மூன்று பேஸின் 50 ஹேர்ட்ஸ் ஓட்டங்கள் நியூற்றலில் ஒன்றையொன்று அழித்துவிடும். 150 ஹேர்ட்ஸ் ஓட்டங்களோ ஒன்றாகக் கூடும். சாதாரண மீற்றர் இதைக் குறைத்தே காட்டும், 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' மீற்றர் வேண்டும். ஜெனரேற்றரில் ஓடும்போது மின்னழுத்த அலையே கூடுதலாகக் கோணும்.

சுருளும் கொள்ளளவியும் கொண்ட பழைய வடிகட்டி, அமைத்த ஒரு மீடிறனுக்கே உதவும். அக்ரிவ் பில்ரர் அப்படியல்ல. லைனின் ஓட்டத்தை அளந்து, 50 ஹேர்ட்ஸைக் கழித்து, மிச்சத்துக்கு நேர் எதிரான ஓட்டத்தைத் தானே உருவாக்கிச் செலுத்தும். இரைச்சலை எதிர் இரைச்சலால் அடக்கும் ஹெட்போன் மாதிரி. ஜப்பானில் அகாகியும் சகாக்களும் 1983இல் முன்வைத்த கணிப்பு முறை இதில் இன்றும் பயன்படுகிறது.

வாங்குபவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். மூன்று வயர் பில்ரர் நியூற்றலைத் தொடாது. எங்களுக்குத் தேவை நான்கு வயர் வகை. அடுத்தது, பொருத்தும் இடம். இடவசதி இருக்கிறதென்று கட்டட உரிமையாளர் கீழே மெயின் போர்ட்டைக் காட்டினார். அங்கே வைத்தால் வெளியிலிருந்து வரும் லைன் சுத்தமாகும், கருகிய கேபிள் அப்படியே சுடும். மேல்மாடி போர்ட்டில் பொருத்தி, கேபிளையும் மாற்றினேன். இப்போது நியூற்றலில் 9 அம்பியர்.