பீட்டர்ஹாஃப் தோட்டமும் பயாதேரின் நிழல்களும்

பீட்டர்ஹாஃப் தோட்டத்து நீரூற்றுகள் பம்பு இல்லாமல் இயங்குகின்றன. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு மேற்கே, பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் அமைந்த இவ்வரண்மனைத் தோட்டத்திற்கு, ரோப்ஷா என்னும் மேட்டுநிலத்து ஊற்றுகளிலிருந்து ஏறக்குறைய 22 கிலோமீட்டர் தொலைவு கால்வாய் வழியே நீர் வருகிறது. வசீலி துவோல்கோவ் என்னும் ரஷ்யப் பொறியாளர் வகுத்த வழி அது. படைவீரர்களை வைத்து வெட்டுவிக்கப்பட்ட அக்கால்வாயில் 1721ஆம் ஆண்டு முதன்முதலாக நீர் ஓடியது. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு இறங்கும் நீர், இறங்கிய வேகத்திலேயே மீண்டும் எழுந்து நிற்கிறது. ஏரியும் மதகும் கண்டு வளர்ந்த நமக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பீட்டர் எதைப் பார்த்துவிட்டு வந்து இதைச் செய்தார் என்பதை அறியும்போதுதான் வியப்பு பிறக்கிறது.

1717இல் பேரரசர் பீட்டர் பிரான்சுக்குச் சென்றார். வெர்சாய் தோட்டத்தையும், அதற்கு நீரேற்றுவதற்காகச் சேன் ஆற்றின்மேல் பதினாலாம் லூயி நிறுவிய மார்லி நீரேற்றுப் பொறியையும் கண்டார். 14 பெரும் சக்கரங்கள் சுழன்று இரைந்தும் வெர்சாயின் ஊற்றுகள் அனைத்திற்கும் ஒருசேர நீர் தர அப்பொறியால் இயலவில்லை. மன்னர் உலா வரும் வழியில் உள்ள ஊற்றுகளை மட்டும் திறந்து, அவர் கடந்ததும் மூடிவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. பீட்டரின் தோட்டத்தில் அந்த நாடகத்திற்குத் தேவை எழவில்லை. வெர்சாயின் மீது பொறாமை கொண்டு எழுந்த தோட்டம் அதனிடமிருந்து கற்றவற்றுள் தலையாயது, நீர் எங்கிருந்து வரும் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பதே.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதத்தில் நாங்கள் மூவர் அங்குச் சென்றிருந்தோம். நேவா ஆற்றங்கரையில் ‘மீட்டியோர்’ படகில் ஏறினால் முக்கால் மணி நேரத்திற்குள் தோட்டத்துக் கால்வாயின் முகப்பில் இறக்கிவிடுகிறார்கள். கடலிலிருந்து பார்க்கையில் கால்வாயின் மறுகோடியில் பொன்னிறமாக ஒரு புள்ளி மின்னுகிறது. நெருங்க நெருங்க அது சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் ஆகிறது. பிளந்த வாயிலிருந்து நீர் 20 மீட்டர் உயரம் எழுகிறது. 1709இல் புனித சாம்சனின் திருநாளன்று பொல்தாவாப் போர்க்களத்தில் பீட்டர் சுவீடனை வென்றார். சிங்கம் சுவீடனின் சின்னம். அவ்வெற்றியின் 25ஆம் ஆண்டு நினைவாகப் பீட்டரின் காலத்திற்குப் பின் 1735இல் முதற்சிலை வைக்கப்பட்டது. அது சிதைந்தபின் 1802இல் கொஸ்லோவ்ஸ்கி என்னும் சிற்பி வெண்கலத்தில் புதிதாக வார்த்தார். மொன்ப்ளேசீர் மாளிகையருகே பீட்டரின் குறும்பு ஊற்றுகளும் உண்டு. எந்தக் கல்லை மிதித்தால் நீர் பீய்ச்சும் என்று பிள்ளைகள் தேடித் தேடி மிதித்து நனைகிறார்கள். ஒரு கொடுங்கோலரின் வேடிக்கைதான், ஆயினும் முந்நூறு ஆண்டுகளாக ஈரம் காயாத வேடிக்கை.

ஆனால் இன்று அங்கே நாம் காண்பவற்றுள் மிகுதியானவை 18ஆம் நூற்றாண்டினவல்ல. 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை பீட்டர்ஹாஃபைப் பிடித்தது. 1944 சனவரி வரை அது அங்கேயே இருந்தது. அரண்மனை எரிந்து கூரையற்ற சுவர்களாக நின்றது. மரங்கள் வெட்டப்பட்டன. அருங்காட்சியகத்தார் பெயர்த்து அனுப்பியவையும் மண்ணில் புதைத்தவையும் பிழைத்தன. பெயர்க்க இயலாத பெருஞ்சிலைகள் களவு போயின. கொஸ்லோவ்ஸ்கியின் சாம்சனும் போனவர்களில் ஒருவர். லெனின்கிராடு முற்றுகையில் பட்டினியால் இலட்சக்கணக்கானோர் மாண்ட நகரம், போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், நீரூற்றுகளைத் திறந்தது. சோறா, நீரூற்றா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்நகரத்தார் அக்கேள்வியைக் கேட்கவில்லையா, கேட்டுக்கொண்டே இதைச் செய்தார்களா என்று எங்களுக்குள் நெடுநேரம் பேசிக்கொண்டோம். பழைய புகைப்படங்களைத் துணையாகக் கொண்டு சீமனோவ் என்னும் சிற்பி வடித்த புதிய சாம்சன் 1947 செப்டம்பரில் இடத்தில் ஏறினார். இன்று மின்னுவது அவரே.

அன்று மாலை மரீன்ஸ்கி அரங்கில் ‘லா பயாதேர்’ பாலேவுக்கு இருக்கை எடுத்திருந்தோம். 1860இல் திறக்கப்பட்ட அரங்கு. நீலமும் பொன்னும் இழைந்த உள்மாடம். மரியூஸ் பெத்திபா அமைத்து, மின்குஸ் இசையமைத்த இந்நாட்டியம் 1877இல் இதே நகரின் மற்றோர் அரங்கில் முதலில் அரங்கேறியது. எனினும் இப்போது மரீன்ஸ்கியில் ஆடப்படும் வடிவம் 1941 பிப்ரவரியில் பொனமரியோவும் சபுக்கியானியும் திருத்தியமைத்தது. அதாவது, காலையில் கண்ட தோட்டம் அழிவதற்கு ஏழு மாதங்களுக்கு முன் உருப்பெற்ற வடிவம். இந்த ஆண்டுக் கணக்கு மனத்தில் ஏறியபின் அரங்கை விட்டு எழும்வரை அது இறங்கவேயில்லை.

கதை இந்தியாவில் நடக்கிறது. நிக்கியா ஒரு கோயில் நடனமகள். சோலோர் என்னும் வீரன் அவளைக் காதலிக்கிறான். தலைமைப் பிராமணனும் அவளை விரும்புகிறான். அரசனின் மகள் கம்சத்தி சோலோரை மணக்கவிருக்கிறாள். மணவிழாவில் ஆடவந்த நிக்கியாவுக்குப் பூக்கூடையொன்று தரப்படுகிறது. உள்ளிருக்கும் பாம்பு அவளைத் தீண்டுகிறது. அரசனின் பெயர் துக்மந்தா. துஷ்யந்தனைத்தான் இப்படித் திரித்திருக்கிறார்கள். 1858இல் பாரிஸ் ஓபராவில் கவிஞர் தியோஃபில் கோத்தியே ‘சகுந்தலா’ என்றொரு பாலேவுக்குக் கதை எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் மரியூஸின் அண்ணன் லூசியென் பெத்திபா. காளிதாசனின் பெயர்கள் பீட்டர்ஸ்பர்க் வந்துசேர்ந்த வழி இதுவாகலாம்.

கோத்தியே வேறொரு வழியாகவும் நம்மோடு தொடர்புடையவர். ‘பயாதேர்’ என்பது நடனப்பெண்ணைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லின் பிரெஞ்சுத் திரிபு. ஐரோப்பியர் அச்சொல்லைப் பயணநூல்களில் படித்து, தத்தம் விருப்பப்படி கற்பனை செய்துகொண்டிருந்தனர். 1830இல் பாரிஸ் ஓபராவில் மரீ தாலியோனி பயாதேர் வேடமிட்டு ஆடினார். எட்டாண்டுகள் கழித்து, 1838இல், உண்மையான பயாதேர்களே பாரிசுக்கு வந்தார்கள். கடலூரை அடுத்த திருவந்திபுரத்துப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த ஐந்து பெண்களும் மூன்று இசைக்காரர்களும் பிரெஞ்சு வணிகர் ஒருவரின் ஒப்பந்தத்தில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறியிருந்தனர். பிரெஞ்சுக்காரர் தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களைத் தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சௌந்தரம், வேதம் என்று ஆய்வாளர் படிப்பர். அவர்களில் ஒருத்தி சிறுமி. துயிலெரி அரண்மனையில் மன்னர் லூயி பிலிப்பின் குடும்பத்தார் முன்னும், வரியேத்தே அரங்கிலும், பின்னர் லண்டனிலும் ஆடினார்கள். கோத்தியே அவர்களைத் தேடிச் சென்று பார்த்து ‘லா பிரெஸ்’ இதழில் விரிவாக எழுதினார். அம்மணியை ழான் ஒகுஸ்த் பார் என்னும் சிற்பி சிறு சிலையாக வடித்தார். அவர்கள் ஆடியவற்றுள் ‘புறாக்கள்’ என்றொரு நடனம்: சுழன்றுகொண்டே நீண்ட வெள்ளைத் துணியை முறுக்கி மடித்துப் புறா உருவம் வரச்செய்வது.

பதினோராடல் ஆடிய மாதவியை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் நமக்கு, கம்பளி உடுத்திய பாரிஸ் கூட்டத்தின் முன் திருவந்திபுரத்துப் பெண்கள் நின்ற கோலம் எளிதில் மனத்தைவிட்டு அகல்வதில்லை. அவர்கள் ஏன் கப்பலேறினார்கள், தாமே விரும்பியா, கூலிக்காகவா, என்பதற்கு அவர்கள் குரலில் ஒரு வரியும் நம்மிடம் இல்லை. மரபை எண்ணிப் பெருமிதம் கொள்வதும் எளிதன்று. அம்முறையின் உள்ளிருந்து வந்து அதை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய நாவலைப் படித்தவர்கள் வெறும் ஏக்கத்தோடு நின்றுவிட இயலாது. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது, புதிய சாம்சன் மேடையேறிய அதே 1947இல்.

மேடையில் நாம் கண்டதோ வேறு. தாளக்கட்டு இல்லை, அபிநயம் இல்லை; முத்திரைபோல் ஏதோ ஒன்று எப்போதாவது கையில் தோன்றி மறைகிறது. இசை வியன்னா வால்ட்ஸ் சாயலில் ஓடுகிறது. 1948இல் சேர்க்கப்பட்ட பொற்சிலை நடனத்தில், உடலெங்கும் பொன்வண்ணம் பூசிய ஆடவர் ஒருவர் கோயில் விக்கிரகமாகத் துள்ளுகிறார். திறமை மெச்சத்தக்கதே, ஆனால் நம் பக்கத்து விக்கிரகம் எதுவும் அப்படித் துள்ளாது என்று உடன் வந்த நண்பர் முணுமுணுத்தார்.

பின் நிழல்களின் காட்சி வந்தது. நிக்கியா இறந்தபின், அபின் மயக்கத்தில் சோலோர் காணும் கனவு. இருண்ட மேடையில் சரிவுப் பாதை. வெள்ளையுடுத்த பெண் ஒருத்தி தோன்றி, ஒரு காலைப் பின்னே உயர்த்தி, உடலை முன் சாய்த்து, நிமிர்ந்து, இரண்டடி வைக்கிறாள். அவள் பின்னே இன்னொருத்தி, அதே அசைவு. 32 பேர் மேடையை நிறைக்கும்வரை அதே அசைவுதான், வேறொன்றுமில்லை. தாந்தேயின் சொர்க்கத்திற்குக் குஸ்தாவ் தொரே வரைந்த ஓவியங்கள் பெத்திபாவுக்குத் தூண்டுதல் என்பர். அரங்கில் இருமலும் அடங்கிப்போயிற்று. உயிரோடிருந்தவரை இந்தியப் பெண்ணாகப் பொய்யாக இருந்தவள், இறந்தபின் எந்த நாட்டவளுமல்லாத உண்மையாகிவிட்டாள் என்றே எங்களுக்குப் பட்டது. நிக்கியாவும் சோலோரும் வெண்துணியொன்றின் இருமுனைகளைப் பற்றிக்கொண்டு ஆடுகையில் திருவந்திபுரத்துப் புறாக்கள் நினைவுக்கு வந்தன. இரண்டிற்கும் தொடர்புண்டு என்று சொல்லச் சான்றில்லை, எனினும் நினைவைத் தடுக்க முடியவில்லை.

பெத்திபாவின் மூலத்தில் இதற்குப் பின்னும் ஓர் அங்கம் உண்டு. சோலோர்-கம்சத்தி திருமணத்தின்போது தெய்வங்களின் சினத்தால் கோயில் இடிந்து அனைவர் மீதும் விழும். 1941 வடிவத்தில் அது இல்லை. நிழல்களோடு திரை விழுகிறது. மேடையில் இடிபாட்டை நீக்கிவிட்டு ஏழு மாதங்களில் அந்நகரம் மெய்யான இடிபாட்டைக் கண்டது. அந்த அங்கம் முற்றும் தொலையவில்லை. பெத்திபாவின் நடனங்களை அசைவு அசைவாகக் குறியீட்டில் எழுதிய ஏடுகளை, புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டுச் சென்ற நிக்கலாய் செர்கேயெவ் உடன் கொண்டுபோனார். அவை இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றைக் கொண்டு செர்கேய் விகரேவ் 1900ஆம் ஆண்டு வடிவத்தை, கோயில் இடியும் காட்சியோடு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மரீன்ஸ்கியிலேயே மீட்டுக் காட்டினார். அம்மணி ஆடியதற்கு அத்தகைய ஏடு இல்லை. எஞ்சியிருப்பவை கோத்தியேயின் பக்கங்களும், சலங்கைக் காலை ஊன்றி நிற்கும் அந்தச் சின்னஞ்சிறு வெண்கல உருவமுமே.