எவ்வளவு கிட்ட வரலாம்? மெட்ராஸில் ஒரு சண்டையும் ஒரு வரைபடமும்

மாத்தளை டவுனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடுகிற வாசிப்பு வட்டத்துக்கு, உயர்தரம் உயிரியல் படிக்கிற தங்கச்சி ஒருத்தி வந்திருந்தா. பேச்சு எங்கெங்கோ போய், பேஸ்புக்கில் சுற்றுகிற ஒரு பதிவில் வந்து நின்றது. ஜி. என். ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கொடுக்காமல் விட்டுட்டாங்க என்கிற பதிவு. எங்களில் பாதிப்பேர் அதை ஷெயார் பண்ணியிருந்தோம். அவ கேட்டா: "சரி அண்ணா, அவர் என்னதான் கண்டுபிடிச்சார்?"

ஒருத்தருக்கும் பதில் தெரியல. வெட்கமாப் போச்சு. அதுக்குப் பிறகு தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒன்றோடு ஒன்று சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். மிஞ்சி சங்கிலியில் நிற்கிற பகுதியை 'எச்சம்' என்பார்கள். இந்தச் சங்கிலி நீட்டி நிமிர்ந்து கிடக்காது, மடியும். மடியும்போது சங்கிலியில் தூரத்தில் இருக்கிற எச்சங்கள்கூட பக்கத்துல வந்து ஒன்றையொன்று தொடும். எந்த எச்சம் எதைத் தொடுகிறது என்பதுதான் புரதத்தின் வடிவம். வடிவம் கெட்டால் வேலையும் கெடும்.

காலை நேர மாத்தளை - ரத்தோட்டை பஸ்ஸில் போனவர்களுக்கு இதில் பாதி புரியும். எவ்வளவு நெருக்கினாலும் ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குள்ளே புக முடியாது. அணுக்களும் அப்படித்தான். கிட்ட வரலாம், ஆனால் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை எது என்பதில்தான் 1955இல் சண்டை தொடங்கியது.

தோல், தசைநாண், மூன்று சங்கிலி

ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சி. வி. ராமனிடம் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்து, 1952இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். வயது முப்பதைத் தொடுகிற நேரம். அந்த நேரத்தில் மெட்ராஸுக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற புரதம் கொலாஜன். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே, அடையாறில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கொலாஜனுக்குத் தூரம் போகத் தேவையில்லை.

அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1954 ஓகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்த முடிவு: கொலாஜன் ஒரு சங்கிலி இல்லை, மூன்று. அடுத்த வருடம் அதைத் திருத்தி, மூன்றும் கயிறு மாதிரி ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று எழுதினார்கள்.

இதில் ஒரு அழகான விளக்கம் இருக்கு. கொலாஜனில் மூன்றில் ஒரு எச்சம் கிளைசீன். ஏன் என்றால், மூன்று சங்கிலியும் நடுவில் சந்திக்கிற இடத்தில் அவ்வளவு நெருக்கம். அமினோ அமிலங்களில் ஆகச் சிறியது கிளைசீன். அதற்குப் பக்கக் கிளையாக இருப்பது ஒரேயொரு ஐதரசன். வேறு எதுவும் அங்கே சிரமமில்லாமல் அடங்காது. இன்றைக்கு நமக்குத் தெரியும்: அப்படி ஒரு கிளைசீன் இருக்க வேண்டிய இடத்தில் மரபணுப் பிழையால் வேறொன்று வந்தால், தொட்டதுக்கெல்லாம் எலும்பு முறிகிற நோயோடு பிள்ளை பிறக்கலாம். ஒரு தொடுகை தப்பினால் இவ்வளவு.

"அணுக்கள் ரொம்பக் கிட்ட இருக்கு"

மெட்ராஸ் கட்டுரை வெளிவந்து சில வாரங்களில் அதே 'நேச்சர்' இதழில் பதில் வந்தது. எழுதியவர்கள் அலெக்சாண்டர் ரிச், ஃபிரான்சிஸ் கிரிக். டிஎன்ஏ வாட்சன் - கிரிக் என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதே கிரிக். மூன்று சங்கிலி சரிதான் என்றார்கள். ஆனால் மெட்ராஸ் மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்குக் கிட்டக் கிட்ட இருக்கின்றன, மூன்று எச்சத்துக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு என்று அவர்கள் சொன்னதும் பொருந்தாது, ஒன்றுதான் பொருந்தும் என்றார்கள்.

இந்த இடத்தில் நாங்களாக இருந்தால் என்ன செய்திருப்போம்? எங்க மேல உள்ள பொறாமை என்று ஒரு நீளமான போஸ்ட் போட்டிருப்போம்.

ராமச்சந்திரன் வேறொரு கேள்வி கேட்டார். "ரொம்பக் கிட்ட" என்றால் எவ்வளவு? அதைச் சொல்கிற ஒழுங்கான அளவு யாரிடமும் இல்லை. அதனால் அவரும் மாணவர்களும், அதுவரை அமைப்பு கண்டறியப்பட்ட அமினோ அமிலம், சிறு பெப்தைட்டுப் படிகங்களின் அறிக்கைகளை எடுத்து, அணுவுக்கு அணு உண்மையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு சோடிக்கும் இரண்டு எல்லை வைத்தார்கள்: வழமையான எல்லை, அதற்குக் கீழே போகவே கூடாத கடைசி எல்லை. காபனுக்கும் காபனுக்கும் 3.2, கடைசியாக 3.0 ஆங்ஸ்ட்ரோம். ஐதரசனுக்கும் ஐதரசனுக்கும் 2.0, கடைசியாக 1.9. ஒரு சென்ரிமீற்றரை 10 கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ரோம்.

பிறகுதான் பெரிய வேலை. சங்கிலியின் ஒவ்வொரு எச்சத்திலும் சுழலக்கூடிய பிணைப்பு இரண்டு உண்டு. அந்தக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். தோளையும் முழங்கையையும் நினைத்துக்கொள்ளுங்க. இரண்டையும் தனித்தனியாகத் திருப்பலாம், ஆனால் சில திருப்பங்களில் கை உடம்பில் இடிக்கும். இரண்டு கோணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் எந்த அணு எதோடு இடிக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். இன்று மடிக்கணினி கண்ணிமைப்பதற்குள் செய்துவிடும். அவர்கள் மேசைக் கணக்குப்பொறியில் எண் எண்ணாகச் செய்தார்கள்.

ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரின் பெயரில் 1963இல் அது வெளிவந்தது. 5 பக்கம்தான். அதில் ஒரு சதுரம்: ஒரு பக்கம் ஃபை, மறுபக்கம் சை. அலனீன் போன்ற எச்சத்துக்கு அந்தச் சதுரத்தில் இடிக்காத இடம் கால்வாசியும் இல்லை. மிச்சமெல்லாம் தடை. கிளைசீனுக்கு மட்டும் நிறைய இடம். 1951இல் பாலிங் குழு சொன்ன அல்பா சுருள், அந்த அனுமதிக்கப்பட்ட சின்னத் தீவு ஒன்றுக்குள் சரியாக விழுந்தது. இதுதான் ராமச்சந்திரன் வரைபடம்.

யார் வென்றது?

கதை சினிமா மாதிரி முடியல. கொலாஜன் விஷயத்தில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதுதான் பெரும்பாலும் நின்றது: நேரடிப் பிணைப்பு ஒன்றுதான். 1968இல் ராமச்சந்திரன் தரப்பு, இரண்டாவது பிணைப்பு நேரடியாக இல்லாமல் இடையில் நிற்கிற நீர் மூலக்கூறு வழியாக இருக்கலாம் என்று எழுதியது. 1994இல் கொலாஜன் போன்ற ஒரு பெப்தைட்டின் படிக அமைப்பு வந்தபோது, ஒரு நேரடிப் பிணைப்பும் தெரிந்தது, சங்கிலிகளைச் சுற்றி நீர் வலையும் தெரிந்தது.

ஆக, மாதிரியில் அவர் முழுதும் சரியில்லை. ஆனால் அந்தப் பிழையைப் பற்றிய சண்டையிலிருந்து பிறந்த அளவுகோல் மாதிரியை விடப் பெரியதாகிவிட்டது. இன்றைக்கு உலகத்தில் எந்த ஆய்வுகூடம் புதிய புரத அமைப்பு ஒன்றைப் பொதுத் தரவு வங்கியில் போட்டாலும், அதை இந்த வரைபடத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். தடை இடத்தில் நிறையப் புள்ளி விழுந்தால், அமைப்பில் எங்கேயோ பிழை.

பிறகு வந்தவர்கள் அணுவிலிருந்து எச்சத்துக்குப் போனார்கள். 1978இல் மணவாளனும் பொன்னுசாமியும், ஒவ்வொரு எச்சத்தையும் சுற்றி 8 ஆங்ஸ்ட்ரோமுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணி, நீரை வெறுக்கும் எச்சங்கள் எப்படிக் கூடி நிற்கின்றன என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 2001இல் மைக்கேல் குரோமிஹாவும் செல்வராஜும், சங்கிலியில் தூரமாக இருந்தும் மடிப்பில் கிட்ட வருகிற எச்சங்களை எண்ணினால், ஒரு புரதம் எவ்வளவு வேகமாக மடியும் என்று கணிக்கலாம் எனக் காட்டினார்கள். 2018இல் அல்ஃபாஃபோல்ட் முதன்முதலாகப் போட்டிக்கு வந்தபோது செய்ததும், எச்சங்களுக்கு இடையிலான தூரத்தை ஊகிப்பதுதான். அந்த வழியில் வந்த வேலைக்கு 2024இல் நோபல் கிடைத்தது.

ராமச்சந்திரன் 2001இல் சென்னையில் காலமானார். நோபல் கிடைக்கல என்பது உண்மை. ஆனால் அவர் வாழ்க்கையிலிருந்து எடுக்க வேண்டியது அந்தக் குறை மட்டும்தானா?

எங்களில் சிலர் படித்த தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. டவுனுக்கு வந்துதான் படித்தோம், சிலர் வர முடியாமல் கலைப் பிரிவுக்குப் போனார்கள். "எங்க ஆள் பெரிய ஆள்" என்று ஷெயார் பண்றதால அந்தப் பாடசாலைக்கு ஒரு ஆய்வுகூடம் வராது. பெருமை எங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது. பிழை சொன்னவனுக்கு அளந்து பதில் சொல்கிற பழக்கம்தான் கிடைக்கல.

போன ஞாயிறு தங்கச்சி திரும்ப வந்தா. புரதத் தரவு வங்கி எல்லாருக்கும் இலவசம். போனிலேயே கொலாஜன் பெப்தைட்டைத் திறந்து காட்டினோம். மூன்று நிறத்தில் மூன்று சங்கிலி. அவ விரலால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, நடுவில் கிளைசீன் எங்கே என்று கேட்டா. இந்த முறை காட்ட முடிந்தது.