முழுகாமல் இருத்தல்: இடக்கரடக்கலா, காலக்கணக்கா?

கருவுற்ற நிலையைச் சொல்லத் தமிழில் வழக்குகள் பல. சூல், கரு என்பன பழையவை. ‘மாசமா இருக்கா’, ‘புள்ளத்தாச்சி’ என்பன பேச்சில் நிலைத்தவை. இவற்றுள் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது எதிர்மறையால் அமைந்தது. மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளிக்கும் வழக்கத்தை ஒட்டியது இத்தொடர். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. அவற்றுள் முதலாவதில் இதைச் சேர்ப்பது எளிது. ஆயினும் வெளிப்படையாகச் சொல்லாததன் காரணத்தைத்தான் அந்த வகைப்பாடு விளக்கும். மறைப்பதற்குக் குளியலை ஏன் தேர்ந்தார்கள் என்பதை அது விளக்காது. இத்தொடர் அடிப்படையில் ஒரு காலக்கணக்கு என்பதே என் வாதம்.

முதற்சான்று தொடரின் அமைப்பு. ‘கருவுற்றாள்’, ‘சூல் கொண்டாள்’ என்பன ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றன. ‘மூணு மாசமா முழுகாம இருக்கா’ என்பதோ கால அளவை இயல்பாக ஏற்கிறது. உடன்பாட்டு வடிவமும் இக்கணக்கிலேயே இயங்குகிறது: ‘இந்த மாசமும் தலைக்குக் குளிச்சிட்டா’ என்றால் கரு தங்கவில்லை என்று பொருள். ‘நாள் தள்ளிப் போயிருக்கு’ என்பது ஐயம். ‘முழுகாம இருக்கா’ என்பது துணிபு. வெறும் நாகரிகப் போர்வைக்கு இத்தனை நுட்பமான படிநிலைகள் வேண்டியதில்லை.

இரண்டாவது சான்று அண்டை மொழியில் உள்ளது. தெலுங்கில் ‘நீள்ளு போசுகுந்தி’, அதாவது ‘நீர் ஊற்றிக்கொண்டாள்’ என்பதே கருவுற்றாள் என்னும் பொருள் தருகிறது. தெலுங்கு நிகழ்ந்துவிட்ட கடைசிக் குளியலையும், தமிழ் வராமற்போன அடுத்த குளியலையும் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. சொல்முறை எதிரெதிராயினும் இரண்டுக்கும் அளவுகோல் குளியலே. பூப்பை வைத்து நாள் எண்ணுவது தமிழுக்குப் புதிதுமன்று. பரத்தையிற் பிரிந்த தலைவனும் பூப்பை ஒட்டிய பன்னிரண்டு நாள் தலைவியை நீங்கி உறைதல் அறமன்று எனத் தொல்காப்பியக் கற்பியல் விதிக்கிறது.

மூன்றாவது, மருத்துவக் கணக்கோடு உள்ள ஒப்புமை. ஜெர்மானிய மகப்பேற்று மருத்துவர் நெகேலே (1778–1851) பெயரால் வழங்கும் விதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டச் சொல்கிறது. ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. இடைப்பட்டவை 280 நாள். இது 28 நாள் கொண்ட பத்துச் சுழற்சி. ‘பத்து மாதம் சுமந்தாள்’ என்பதை மிகையென ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்பது விலக்குகள் தவறி, பத்தாவது வரவேண்டிய நாளில் பேறுகாலம் அமைகிறது. கரு உண்டாவது ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே என்றாலும், கண்ணுக்குத் தெரிந்த கடைசி அடையாளத்திலிருந்து எண்ணும் முறை இரண்டுக்கும் பொது.

இக்கணக்குக்கு எல்லைகள் உண்டு. சுழற்சி சீரற்றவர்களுக்கும், பாலூட்டும் காலத்தில் விலக்குத் திரும்புமுன்னே மீண்டும் கருவுற்றவர்களுக்கும் இது பொருந்தாது. அங்கே முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் அளவீடே நம்பத்தக்கது. மேலும், குளித்த நாள் வேறு, விலக்கான நாள் வேறு. ‘கடைசியா எப்போ குளிச்சே?’ என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதினால் பேறுகாலக் கணிப்பு சில நாள் பிந்தும். ‘எப்போ தூரமான?’ என்று கேட்பதே சரி.

ஆக, இடக்கரடக்கல் என்பது இத்தொடரின் பயன்களுள் ஒன்று. அதன் பிறப்பிடம் அன்று. மாதந்தோறும் நாள் எண்ணிய பெண்களின் நடைமுறை அறிவே இதை உருவாக்கியது. அகராதிகள் ‘கர்ப்பமாயிருத்தல்’ என்று மட்டும் பொருள் தந்து நின்றுவிடாமல், எண்ணத் தொடங்கும் நாளையும் ஐயம், துணிபு என்னும் படிநிலைகளையும் சேர்த்துப் பதிய வேண்டும்.