ஏற்காடு காப்பித் தோட்டங்களில் வேலைநேரம்

ஏற்காடு, சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். இம்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். நேர மேலாண்மை என்பது இன்று தனிமனிதரின் பழக்கமாகவே பேசப்படுகிறது. ஒருவருடைய நேரம் யார் கையில் இருக்கிறது என்பதும் அதில் அடங்கும் என்பதை இம்மலைத் தோட்டங்களின் வரலாறு காட்டுகிறது.

பொழுதுகள்

தமிழ் மரபில் ஒரு நாள் என்பது 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். பத்து நாழிகை கொண்ட ஆறு சிறுபொழுதுகளாக நாள் பிரிக்கப்பட்டது. மலைநிலமாகிய குறிஞ்சிக்கு நள்ளிரவைச் சார்ந்த யாமம் உரியதாகச் சொல்லப்பட்டது. வெயிலையும் நிழலையும் பார்த்தே உழவர்கள் வேலையைத் தொடங்கி முடித்தனர்.

காப்பியின் நாட்காட்டி

1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். காப்பி தனக்கென ஒரு கால ஒழுங்கைக் கொண்டது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடைமழை பெய்த சில நாட்களில் செடி பூக்கும். பழம் பறிப்பது பெரும்பாலும் நவம்பரில் தொடங்கும். எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது என்பதால், ஒரே செடிக்குப் பலமுறை வர வேண்டும். தண்ணீரில் கழுவிப் பதப்படுத்தும் முறையில், பறித்த பழத்தின் தோலை அன்றே நீக்க வேண்டும். தாமதித்தால் பழம் புளித்துச் சுவை கெடும். கவாத்து, களையெடுப்பு போன்றவற்றைச் சில நாட்கள் தள்ளிவைக்கலாம். இதனால் அறுவடைக் காலத்தில் வேலைநாள் இயல்பாகவே நீண்டது.

கடிகார நேரம்

1860-களில் சேலத்துக்கு ரயில் வந்தது. ரயில்வே பயன்படுத்தியது சென்னை வானாய்வகத்தை ஒட்டிய சென்னை நேரம். 1906 ஜனவரி 1 முதல் இந்தியச் சீர் நேரம் நடைமுறைக்கு வந்தது. இது சென்னை நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியது. ஏற்காட்டில் சூரியன் உச்சிக்கு வருவது, கடிகாரத்தில் 12 மணி ஆகிச் சராசரியாக 17 நிமிடம் கழித்துத்தான்.

சட்டம் வகுத்த எல்லை

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா தோட்டங்களுக்காக இயற்றப்பட்டது. வயதுவந்த தொழிலாளரின் வேலை வாரத்துக்கு 54 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது என அது விதித்தது. 1981-இல் செய்யப்பட்ட திருத்தம் இதனை 48 மணிநேரமாகக் குறைத்தது. தொடர்ந்து 5 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கும் முன் குறைந்தது அரை மணிநேர ஓய்வு தர வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. அரசின் அனுமதியின்றி இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கவும் தடை இருந்தது.

ஓய்வையும் வேலைக்காகக் காத்திருப்பதையும் சேர்த்து ஒரு நாள் 12 மணிநேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது முக்கியமான விதியாக இருந்தது. காத்திருப்பதும் தொழிலாளியின் வாழ்நாளில் செலவாகும் நேரமே என்பதை இவ்விதி ஏற்றது. ஆயினும் தொடக்கத்தில் இச்சட்டம் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களுக்கே பொருந்தியது. சிறு தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இதன் காவலுக்கு வெளியே நின்றனர்.

அன்றாட வாழ்வில்

இவ்வரலாற்றிலிருந்து வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தும் சில நடைமுறைகளைப் பெறலாம்:

• பறித்த பழம் போல, இன்றே செய்யாவிட்டால் கெட்டுப்போகும் வேலையை முதலில் முடித்தல். கவாத்துப் போன்றதற்கு வேறு நாள் குறித்தல்.
• பேருந்துக்கும் வரிசைக்கும் காத்திருக்கும் நேரத்தையும் நாளின் கணக்கில் சேர்த்தல்.
• ஓய்வை மிச்ச நேரத்துக்கு விடாமல் முன்கூட்டியே ஒதுக்குதல்.
• சமையல், குழந்தை வளர்ப்பு போன்ற வீட்டு வேலைகளையும் வேலைநேரமாக எண்ணி, வீட்டார் பகிர்ந்துகொள்ளுதல்.

கடைசியாகச் சொன்னது எந்தத் தோட்டச் சட்டத்திலும் இல்லை. மாலையில் தோட்டத்திலிருந்து திரும்பும் பெண்ணுக்கு அடுப்படியில் அடுத்த வேலை காத்திருக்கிறது. 48 மணிநேரக் கணக்கில் அது இன்றுவரை சேரவில்லை.